இழுத்து அறுத்தவன்

ஐந்து கம்பி இருக்க வேண்டிய ஜன்னலில் மூன்றுதான் இருந்தன. நடுவில் இரண்டைக் காணோம். அந்த ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தபோதே என் உயிரில் ஐந்துக்கு இரண்டு பங்கு வெளியே இறங்கிப் போய்விட்டது. மீதி மூன்று பங்கை வைத்துக்கொண்டுதான் இந்த வழக்கை நடத்தினேன்.

வரதராஜன்பேட்டையில் ஞானமுத்துவின் வீடு அது. முந்திரித் தோப்பும், மோட்டார் காரும், பூனை பார்த்தால் எலியென்று நினைத்துப் பாயக்கூடிய மீசையும் உள்ள மனிதர். அவருடைய அண்ணன் மகள் விண்ணரசி, பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சர், ஞாயிற்றுக்கிழமை இந்த அறையிலிருந்து மறைந்துவிட்டாள். வியாழன் காலை பதினொரு மணிக்கு அவள் அரியலூர் கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டும். பக்கத்துத் தோப்புக்காரர் தர்மனைக் கிணற்றில் தள்ளிக் கொன்றதாகச் சாமிதுரை என்ற கூலியாள் ஜெயிலில் கிடந்தான். நடந்ததைக் கண்ணால் பார்த்தவள் விண்ணரசி ஒருத்திதான். அவள் வாயைத் திறப்பாளா மாட்டாளா என்பதில் ஒரு மனிதனின் கழுத்து ஊசலாடிக்கொண்டிருந்தது.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

"சாமிதுரை ஆளுங்கதான் தூக்கிட்டுப் போயிட்டானுங்க," என்றார் ஞானமுத்து. துண்டால் கண்ணைத் துடைத்தார். "அவ சாட்சி சொன்னா அவன் தூக்குல தொங்குவான்ல? அதான்."

"போலீஸ் என்னங்க சொல்லுது?" என்று கேட்டார் என் முதலாளி, துப்பறியும் தங்கராசு. பெரம்பலூர் தாலுகாவிலேயே ஒரே துப்பறிவாளர். ஆகவே முதல்தரமானவர். அவருடைய உதவியாள் சவரிமுத்து நான். ஓட வேண்டி வந்தால் வழி காட்டுவது என் பொறுப்பு.

"இன்ஸ்பெக்டர் இந்தக் கம்பியைத் தடவிப் பார்த்தாரு. கோர்ட்டுக்குப் பயந்துக்கிட்டு அவளே உள்ளேருந்து அறுத்துட்டு ஓடிட்டான்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. தேடவே மாட்டேங்கறாங்க."

நானும் தடவிப் பார்த்தேன். அறுபட்ட கம்பி நுனியில் பூனை நாக்கு மாதிரி பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. அது வெளிப்பக்கம் இருந்தது. இரும்பு அறுக்கும் ரம்பத்தைத் தள்ளித்தான் அறுப்பார்கள். ரம்பம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் பிசிறு தள்ளும். பிசிறு வெளியே என்றால் அறுத்தவன் உள்ளே. இன்ஸ்பெக்டர் சொன்னதில் தப்பு இல்லை.

"அப்ப டீச்சரம்மாதாண்ணே அறுத்திருக்கு," என்றேன். "கணக்கு வாத்தியாரு பிரம்பைத்தான் பார்த்திருக்கேன். ரம்பத்தோட டீச்சரை இப்பத்தான் கேள்விப்படறேன்."

தங்கராசு கம்பியை விட்டுவிட்டு அறைக் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். கதவின் வெளிப்புறத்தில் புதுத் தாழ்ப்பாள் ஒன்று பளபளத்தது. பெண் பார்க்க வந்தவர் பாத்திரத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல அதை ஒரு தட்டுத் தட்டினார். பிறகு வெளியே போய் ஜன்னலுக்கடியில் மண்ணைக் கிளறி, உடைந்த ரம்ப பிளேடுத் துண்டு ஒன்றைப் பொறுக்கினார். கட்டைவிரல் நீளம்.

கிளம்பும்போது ஞானமுத்து என் முதலாளியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"புள்ளை இருக்கிற இடம் தெரிஞ்சா போலீஸுக்குப் போகாதீங்க. மொதல்ல என்கிட்டச் சொல்லுங்க. ரத்த பாசம் பாருங்க."

பிடி இறுக்கமாகத்தான் இருந்தது. தங்கராசுவின் விரல்கள் வெளுத்துப்போயின.

மறுநாள் புதன் காலை, அரியலூர். ராவுத்தரின் இரும்புக் கடையில் பிளேடுத் துண்டை நீட்டினோம். ராவுத்தர் அதைப் பார்த்ததும் காணாமல் போன பிள்ளையைக் கண்டதுபோலக் கத்தினார்.

"யா அல்லா! இது நம்ம சரக்கு! உலகச் சண்டை ஆரம்பிச்சதுலேருந்து பிளேடு ஏது தம்பி? பத்து மாசத்துல பன்னெண்டுதான் வந்துச்சு. யார் யார் வாங்குனாங்கன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

"தூக்கத்துல வேணாம் பாய். இப்பவே சொல்லுங்க," என்றேன்.

"கொல்லன் ஒருத்தரு. சைக்கிள் கடை. ரயில்வே ஃபிட்டர். அப்புறம் குன்னத்துத் தச்சன் ஒருத்தரு."

"தச்சன்," என்றார் தங்கராசு.

"ஏண்ணே, கொல்லனை விட்டுட்டு?"

"கொல்லன் இரும்பு அறுத்தா அது தொழில். தச்சன் இரும்பு அறுத்தா அது அவசரம்."

ராவுத்தர் தலையாட்டினார். "மெய்யிதான். போன வாரம் வந்து ரெண்டு பிளேடும் ரம்பச் சட்டமும் வாங்குனாரு. திங்கக்கிழமை திரும்ப வந்து, கட்டைவிரல் தண்டிக் கம்பியில நீளமா ஒண்ணு, இன்னும் ரெண்டு பிளேடு. என்னய்யா, மரத்தை விட்டுட்டீரான்னு கேட்டேன். கோழிக் கூண்டு அடிக்கிறேன்னாரு. பேரு அழகேசன்."

"அழகேசனா?"

எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது அந்தக் குரல். ஞானமுத்து! வக்கீலைப் பார்க்க அரியலூர் வந்தாராம். எப்போது வந்து நின்றார் என்று எனக்குத் தெரியாது. என் நெஞ்சு ஒரு தடவை அடிப்பதை மறந்து, அப்புறம் கடனைத் தீர்ப்பதுபோல மூன்று தடவை அடித்தது.

"சாமிதுரையோட அக்கா புருஷன்யா அவன்!" என்று பல்லைக் கடித்தார். "ஆறடி ஆளு. கோபம் வந்தா கோடாலிதான் பேசும். நீங்க போய்ப் பாருங்க. நானும் வருவேன், ஆனா காருக்கு ரேஷன் பெட்ரோல் தீந்துபோச்சு. இங்கேயே வக்கீல் வூட்ல இருக்கேன். தெரிஞ்சதும் ஓடியாந்து சொல்லுங்க."

"ஓடியாந்து" என்ற இடம் எனக்குப் பிடித்திருந்தது. "போய்ப் பாருங்க" என்ற இடம்தான் பிடிக்கவில்லை.

குன்னத்துக்குக் கரி பஸ் ஏறினோம். அதன் முதுகில் கரியடுப்பு இருந்தது. டிரைவர் அதை ஊதிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். ஏற்றம் வந்தால் ஆண்பிள்ளைகள் இறங்கித் தள்ள வேண்டும். வழியெல்லாம் நான் தள்ளிக்கொண்டே போனேன். கோடாலிக்காரன் வீட்டுக்குப் போகிற பஸ்ஸைத் தன் கையாலேயே தள்ளிய முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன். பின்னால் திரும்பிப் பார்த்தால் புகை, புழுதி. அதற்குள் என்ன வருகிறதென்று தெரியவில்லை.

வீட்டைக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. தெருவில் இறங்கியதும் காது கூசியது. கிரீச்... கிரீச்... கிரீச்... பன்றியின் பல்லை யாரோ அரத்தால் ராவுவதுபோல ஒரு சத்தம். சத்தத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு நடந்தோம்.

வீட்டுக்குப் பின்புறம் தென்னங்கீற்றுக் கொட்டகை. அதற்குள் இழைப்புளி, உளி, பாதி முடிந்த கட்டில் கால்கள். நடுவில் அழகேசன். ஆறடி என்று ஞானமுத்து சொன்னது பொய். எனக்கு அவர் ஒன்பதடியாகத் தெரிந்தார். மரக்கட்டைமேல் இரும்புக் கம்பியைக் கிடத்தி, இடது காலால் மிதித்துக்கொண்டு, ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார். கட்டைக்கு அந்தப் பக்கம் சுவரை ஒட்டி ஒரு சின்ன அறை. சாத்திய கதவு. பக்கத்தில் ஒரு ஜன்னல். அதில் மூன்று புதுக் கம்பிகள் ஏறியிருந்தன. நான்காவதுக்குச் சட்டத்தில் துளை மட்டும் காத்துக்கொண்டிருந்தது.

"யாருங்க?" அறுப்பது நிற்கவில்லை.

"கட்டில் ஒண்ணு செய்யணும்ங்க," என்றார் தங்கராசு.

"இப்ப கை ஒழியலைங்க." நெற்றி வியர்வை கம்பிமேல் விழுந்து 'சொய்' என்றது. அவர் என்னைப் பார்த்தார். "ஐயா, வந்ததுதான் வந்தீங்க, அந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க. ஆடுது."

நானா? தங்கராசு என்னைக் கண்ணால் தள்ளினார். குனிந்து பிடித்தேன். ரம்பம் என் கட்டைவிரலிலிருந்து நான்கு அங்குலத்தில் போய் வந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் கம்பி என் பல்வரைக்கும் நடுங்கியது. கம்பி என்னை நடுக்கியதா, நான் கம்பியை நடுக்கினேனா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

"கம்பி எதுக்குங்க?" என்று கேட்டு வைத்தேன்.

"கோழிக் கூண்டுக்குங்க."

"இம்புட்டு தண்டியா? இதுக்குள்ள யானையையே வளக்கலாமேங்க."

அவர் சிரிக்கவில்லை. ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயை வெட்டில் விட்டு மறுபடி அறுத்தார். பக்கத்தில் ஏற்கனவே அறுத்துப் போட்ட துண்டு ஒன்று கிடந்தது. தங்கராசு அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சவரி, அவரு கையைப் பாரு."

பார்த்தேன். கை வழக்கத்துக்கு மாறாக வேலை செய்தது. ரம்பத்தைத் தள்ளும்போது அவர் சும்மா விட்டார். இழுக்கும்போதுதான் உடம்பின் பாரமெல்லாம் இறங்கியது. பிளேடின் பற்கள் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"பிளேடைத் திருப்பி மாட்டியிருக்கீங்களே?" என்றார் தங்கராசு, சாதாரணமாக.

"மரம் அறுத்த கைங்க. நம்மூரு மரரம்பம் இழுத்தாத்தானே அறுக்கும்? இருபது வருசமா இழுத்தே பழகிப்போச்சு. தள்ளினா கோணிக்குது."

"அதான் பிசிறு உங்க பக்கமே வருது."

"ஆமாங்க."

"சவரி, இழுத்து அறுக்கிற ஆளு வெளியே நின்னு ஒரு ஜன்னல் கம்பியை அறுத்தா, பிசிறு எந்தப் பக்கம் நீட்டும்?"

"அவரு பக்கம். வெளிப்ப..."

விண்ணரசி அறுக்கவில்லை. வெளியே நின்று இந்தக் கைதான் அறுத்திருக்கிறது. நான் யாருக்குக் கம்பி பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ரம்பம் நின்றது. அழகேசன் மெதுவாக நிமிர்ந்தார். கையில் ரம்பம். கண்ணில் அதைவிடக் கூர்மையாக ஏதோ ஒன்று. அந்த நேரம் பார்த்து, சாத்திய கதவுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். பெண் இருமல்.

"அண்ணே," என்றேன். "கட்டில் வேணாம்ணே. நாம தரையிலயே படுத்துக்கலாம்."

தங்கராசு ஓடவில்லை. நேரே கதவிடம் போனார். பூட்டைத் தேடினார். பூட்டு இல்லை. நாதாங்கி இல்லை. வெளிப்புறம் வெறும் பலகை. கதவில் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். உள்ளே தாழ்ப்பாள் கலகலத்தது.

"டீச்சரம்மா," என்றார். "உங்க சித்தப்பா வூட்டு அறைக்குத் தாழ்ப்பாள் வெளியே இருந்துச்சு. இந்த அறைக்கு உள்ளே இருக்கு. உங்களை அடைச்சு வெச்சவரு யாரு, காப்பாத்தறவரு யாருன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. நீங்க யாருக்காகச் சாட்சி சொல்லப் போறீங்கங்கறது மட்டும் தெரியணும்."

அந்த மூன்று கம்பிகளுக்குப் பின்னால் வெளிறிய முகம் ஒன்று வந்தது.

"சாமிதுரைக்காக," என்றாள் விண்ணரசி. "தர்மனைத் தள்ளினது சித்தப்பா. நான் பார்த்தேன். கோர்ட்டுல அதைத்தான் சொல்லுவேன்னேன். அன்னிக்கே தாழ்ப்பாள் போட்டுட்டாரு. ஜன்னல் வழியா ஒரு சீட்டு எழுதி, சாணி தட்ட வந்தவகிட்டக் குடுத்து அழகேசன் அண்ணனுக்கு அனுப்பினேன்."

அழகேசனின் ஒன்பதடி சட்டென்று ஐந்தரை ஆனது. ரம்பத்தைக் கீழே வைத்தார்.

"போலீஸ்ல சொன்னா, மொத வேலையா அவரு வூட்ல கொண்டுபோய் விட்டுருவாங்கய்யா. சித்தப்பனாச்சே. நாளைக்குக் காலையில நேரா கோர்ட்டுக்கு அழைச்சுட்டுப் போயிடலாம்னு இருந்தேன். அதுவரைக்கும் யாரும் உள்ளே வரக் கூடாதுன்னுதான் கம்பி."

எனக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு திரும்பிப் போகுமுன் தங்கராசு கேட்டார்:

"சவரி, அது என்ன சத்தம்?"

மோட்டார் கார்.

பெட்ரோல் தீர்ந்துபோன கார்! பஸ்ஸுக்குப் பின்னால் புழுதிக்குள் வந்தது எது என்று இப்போது தெரிந்தது. ஐயோ, நாங்கள் அவளைக் கண்டுபிடிக்கவில்லை. கொலைகாரனுக்குக் கைப்பிடித்து வழி காட்டி அழைத்து வந்திருக்கிறோம்.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். இருசம்மாள், அழகேசனின் மனைவி, சாமிதுரையின் அக்கா. "தெரு முனையில நிக்குது. மூணு பேரு. அருவா வெச்சிருக்கானுங்க." சொன்னவள் நிற்கவில்லை. வெண்கலத் தட்டையும் கரண்டியையும் தூக்கிக்கொண்டு கொல்லை வழியாகத் தெருவுக்குப் பாய்ந்தாள்.

"நாலாவது கம்பி இல்லாட்டி ஒரு ஆளு நுழைஞ்சுருவான்!" என்று அழகேசன் கம்பிமேல் விழுந்தார்.

பாதிக்குமேல் அறுத்தாகிவிட்டது. நான் முனையைப் பிடித்தேன். யாரும் சொல்லாமலே பிடித்தேன். அவர் இழுத்தார். இழுப்புக்கு இழுப்பு நான் செபமாலையில் ஒரு மணி தள்ளினேன். கையில் செபமாலை இல்லாதது அப்போது ஒரு குறையாகவே தெரியவில்லை. கொட்டகைக்கு வெளியே செருப்புச் சத்தம். கிரீச்... கிரீச்... டக்!

பிளேடு இரண்டாகிவிட்டது.

"வேற?"

"இதான் கடைசிங்க."

"வளைங்கய்யா!" என்று கத்தினார் தங்கராசு. "முக்காவாசி அறுந்துருச்சு. வளைச்சா ஒடியும்!"

கட்டை விளிம்பில் வெட்டைப் பொருத்தி, ஒரு பக்கம் அழகேசன், மறுபக்கம் நானும் தங்கராசும் தொங்கினோம். கம்பி முனகியது. நானும் முனகினேன். கீழே, மேலே, மறுபடி கீழே. கடைசியில் கம்பிதான் முந்திக்கொண்டது. ஒடிந்த முனை உள்ளங்கையில் சுட்டதில் நான் போட்ட கூச்சல் பெரம்பலூர்வரை கேட்டிருக்கும். அழகேசன் கம்பியைப் பிடுங்கி மேல்துளையில் செருகி, கீழ்த்துளையில் இறக்கி, மர ஆப்பு வைத்துச் சுத்தியலால் ஒரே அடி.

அறை பத்திரம். விண்ணரசி உள்ளே. தாழ்ப்பாள் உள்ளே. அப்போதுதான் ஒரு சின்ன விஷயம் என் நினைவுக்கு வந்தது. நான் வெளியே.

கொட்டகை வாசலில் மீசை வந்தது. பின்னாலேயே ஞானமுத்து. அவருக்குப் பின்னால் இரண்டு அரிவாள்கள், அவற்றைப் பிடித்திருந்த இரண்டு ஆட்கள்.

"சபாஷ், தங்கராசு. வேலை முடிஞ்சுது. ஒதுங்கு. புள்ளையைக் கூட்டிட்டுப் போறேன்."

"தாழ்ப்பாள் உள்ளே இருக்குங்க. அவங்க திறந்தாத்தான் உண்டு," என்றார் தங்கராசு. குரல் அமைதியாக இருந்தது. வேட்டி நுனி மட்டும் நடுங்கியது. அதை நான் பார்த்துவிட்டேன் என்பது அவருக்கும் தெரியும்.

"விண்ணரசி! வெளிய வாம்மா. ஒண்ணும் பண்ண மாட்டேன்."

தாழ்ப்பாள் அசையவில்லை. "கதவை ஒடைங்கடா," என்றார் ஞானமுத்து. அழகேசன் கதவுக்கு முன்னால் போய் நின்றார். இரண்டு ஆட்களும் ஓரடி வைத்தார்கள். அரிவாளின் வெயில் என் முகத்தில் அடித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

காது திறந்துதான் இருந்தது. டண், டண், டண் என்று வெண்கலத் தட்டு. அதன் பின்னால் கால்கள். வெங்காயக் காட்டிலிருந்தும் பருத்திக் காட்டிலிருந்தும் களைவெட்டியோடு ஓடி வந்த தெரு. கண்ணைத் திறந்தபோது கொட்டகையைச் சுற்றி நாற்பது பேர். என் பயத்தின் கணக்கில் நானூறு.

"எல்லாரும் போங்க! இது குடும்ப விசயம்!" என்று அதட்டினார் ஞானமுத்து.

"சித்தப்பா."

நான்கு கம்பிக்குப் பின்னால் விண்ணரசி இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்குச் சொல்ல வேண்டியதை இப்பவே சொல்லிடறேன். இவங்க எல்லாரும் கேக்கட்டும். தவக்காலத்து ரெண்டாம் வெள்ளி. கோயில்ல சிலுவைப்பாதை செபம் முடிஞ்சு தோப்பு வழியா வந்தேன். கிணத்து மேட்டுல வரப்புக்காக நீங்களும் தர்மனும் சண்டை போட்டீங்க. நீங்க அவரு நெஞ்சுல ரெண்டு கையையும் வெச்சுத் தள்ளினீங்க. சத்தம் கேட்டு ஓடியாந்து கிணத்துல குதிச்சுத் தூக்கினவன் சாமிதுரை. அவன் வேட்டி நனைஞ்சிருந்துச்சுன்னுதான் அவனைப் பிடிச்சாங்க. காப்பாத்தப் போனதால நனைஞ்சுது சித்தப்பா. நீங்க நனையவே இல்லை."

கூட்டம் ஓரடி நெருங்கியது.

"பைத்தியம்... புத்தி கலங்கிப்போச்சு அவளுக்கு..." ஞானமுத்து சுற்றிலும் பார்த்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு முகம் இருந்தது. ஒரு சாட்சியை அறைக்குள் அடைக்கலாம். நாற்பதை எங்கே அடைப்பது?

அரிவாள்காரர்களில் ஒருவன் கையைக் கீழே தொங்கவிட்டான். "ஓடிப்போன புள்ளையைக் கூட்டியாரணும்னுதானே கூப்ட்டீங்க? கொலைன்னு சொல்லலியே மாமா?" மற்றவன் சொல்லிக்கொள்ளாமலே கூட்டத்துக்குள் கரைந்துவிட்டான். ஞானமுத்து கட்டில் காலொன்றின்மேல் உட்கார்ந்தார். மீசை ஈரமாகிக் கீழே தொங்கியது. சற்று நேரத்தில் ஊர் மணியக்காரர் வந்து, அவருக்குப் பக்கத்தில் தலையாரியைக் காவலுக்கு நிறுத்தினார்.

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. விண்ணரசி வாசலில் வந்து நின்றாள்.

"பயமா இருக்குக்கா," என்றாள் இருசம்மாளிடம், குழந்தை மாதிரி.

"இருக்கட்டும் தாயி. பயத்தோடயே வா. நாங்க வரோம்ல?"

மாலை வெயில் சாயும்போது அரியலூர்ச் சாலையில் அந்தத் தெருவே நடந்தது. நடுவில் விண்ணரசி. அவளுக்கு இந்தப் பக்கம் இருசம்மாள், அந்தப் பக்கம் அழகேசன். அவர்களுக்கும் நடுவில் எங்காவது இடம் கிடைக்குமா என்று நான் வழிநெடுக முயன்று பார்த்தேன்.

மறுநாள் காலை பதினொரு மணி. கோர்ட்டுச் சேவகன் வாசலில் வந்து நின்று, "விண்ணரசி... விண்ணரசி... விண்ணரசி..." என்று மூன்று தடவை கூப்பிட்டான். கூண்டுக்குள் விலங்கோடு நின்ற சாமிதுரை தலையை நிமிர்த்தி வாசலைப் பார்த்தான்.

ஒரு பெயருக்கு நாற்பது பேர் எழுந்து நின்றோம்.